மூன்று காலித் துளைகள்

பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. கருவி தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். கீ மாற்றினால் விலை குறையும். மேல்பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால் பாதி போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. மரத்தில் துளை போட்டால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் உருவான இந்தக் கணக்கு இணையம் வழியாக இப்போது நம் ஊர் வீட்டுப் பரண்கள்வரை வந்துவிட்டது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கர்நாடக இசைக்காகத் திருத்தப்பட்ட ஒரு மாண்டலினை மதிப்பிட முடியுமா என்பதுதான் என் கேள்வி. முடியாது என்று நினைக்கிறேன். அதற்கான காரணத்தைச் சொல்ல ஒரு குறிப்பிட்ட கருவியைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருவி பாளையங்கோட்டையில், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை வீட்டில் இருக்கிறது. அவருடைய அப்பா வாசித்தது. புகைப்படங்களை வாட்ஸப்பில் பார்த்த ஒரு சென்னை வியாபாரி, “ஸ்டூடண்ட் மாடல், அதுவும் மாடிஃபை பண்ணது, ரெண்டாயிரம் தரலாம்” என்று பதில் போட்டிருக்கிறார். பழைய கிட்டார்களைக் கழற்றி மாட்டுகிற வேண்டாத பழக்கம் எனக்கு உண்டு என்பதை ஒரு நண்பர் மூலம் கேள்விப்பட்டு டீச்சர் கூப்பிட்டார்.

“விக்கணும்னு இல்ல தம்பி. என்ன சாமான்னு தெரிஞ்சாப் போதும். அப்பா இதுல அப்பவே அஞ்சு தந்தி போட்டுட்டாக. ஸ்ரீநிவாஸ் எல்லாம் வாரதுக்கு முன்னாடியே.”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது எங்கே செய்த கருவி என்பது ஒன்று. ஐந்து தந்தி எப்போது வந்தது என்பது மற்றொன்று. முதலாவது மரத்தையும் இரும்பையும் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவதில் ஒரு குடும்பத்தின் பெருமை மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பேரிக்காய் வடிவ உடல், தட்டையான முதுகு, முட்டை வடிவ ஒலித்துளை. இத்தாலிய மாண்டலினுக்குச் சுரைக்காயைப் பிளந்ததுபோல வயிறு புடைத்த முதுகு இருக்கும். தட்டை முதுகு என்றால் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் அல்லது இவற்றில் ஒன்றைப் பார்த்துச் செய்த நகல். உள்ளே லேபிள் இல்லை. பசை காய்ந்த ஒரு செவ்வகம் மட்டும் இருக்கிறது. லேபிள் இல்லாத கருவிக்கு அதன் பழக்கவழக்கங்கள்தான் அடையாள அட்டை. இதில் கழுத்தின் உச்சியில், தந்தி தாங்கும் எலும்புப் பட்டைக்கு அடுத்தபடியாக, இன்னொரு மெட்டு கூடுதலாக இருக்கிறது. ஜீரோ ஃபிரெட் என்பார்கள். ஜெர்மானியப் பட்டறைகளுக்குப் பிடித்த ஏற்பாடு இது. சாக்ஸனியின் மார்க்நொய்கிர்ஷென், கிளிங்கெந்தால் ஊர்களில் வீட்டுக்கு வீடு உதிரி பாகம் செய்து, மொத்த வியாபாரிகள் அவற்றைக் கோத்து உலகம் முழுக்க மலிவு விலையில் அனுப்பினார்கள். சிவகாசித் தீப்பெட்டிக்கு வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய கதையேதான்.

ஆகவே ஜெர்மனி என்று எழுதி முடித்துவிடலாம்போலத் தோன்றும். ஆனால் மரம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒலித்துளையின் விளிம்பை நகத்தால் தடவினால் மூன்று அடுக்கு தெரிகிறது, மேல்பலகை பிளைவுட். அதில் ஒன்றும் அதிசயம் இல்லை, மாணவர் கருவி பெரும்பாலும் அப்படித்தான். கழுத்து மரம்தான் வேறு கதை சொல்கிறது. இலேசான, செம்பழுப்பு நிற மரம். கீயைக் கழற்றிய துளைக்குள் பூச்சுப் படாத இடத்தில் பார்த்தால் தூன் மாதிரி இருக்கிறது. தமிழில் சந்தன வேம்பு என்போம். வடக்கே சித்தாருக்கு வழக்கமாகப் போடுகிற மரம் இது. சாக்ஸனிக்காரனுக்குத் தூன் கிடைக்காது, கல்கத்தாக்காரனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில். கீப் பட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள் எல்லாம் தலையில் பிளஸ் குறி போட்டவை. அந்த வகைத் திருகுக்குக் காப்புரிமை 1936இல்தான் கிடைத்தது. அது உலகமெங்கும் பரவியது இரண்டாம் உலகப் போரை ஒட்டி. திருகுகள் மரத்தில் பதிந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் முதலில் போட்டவை அவைதாம், அந்த இடத்தில் வேறு திருகு இருந்த தடயமில்லை.

என் முடிவு இது. கல்கத்தாப் பட்டறை, ஜெர்மானிய மாதிரியைப் பார்த்துச் செய்தது, நாடு விடுதலை அடைந்ததற்குப் பிறகு. கல்கத்தாவின் சித்பூர் சாலை, லால் பஜார் பக்கத்துக் கருவிக் கடைகளின் சரக்கு ஒரு காலத்தில் இந்தியா முழுக்கப் போயிற்று. கிப்ஸன் என்ற அமெரிக்கப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி கிவ்ஸன் என்று கிட்டார் வந்தது அங்கிருந்துதான். நகல் என்று இளக்காரமாகச் சொல்வது எளிது. இறக்குமதிக் கட்டுப்பாடு நெருக்கிய பத்தாண்டுகளில் நம் மெல்லிசைக் குழுக்களும் பள்ளி இசைக்குழுக்களும் தேவாலயப் பாடகர் குழுக்களும் கையில் பிடித்தது இந்த நகல்களைத்தான்.

மாணவர் கருவி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாண்டலின் சங்கங்கள் இருந்தன. கிப்ஸன் நிறுவனம் ஆசிரியர்களையே முகவர்களாக வைத்துத் தவணை முறையில் விற்றது. மாணவனுக்கு அலங்காரமில்லாத மலிவு மாடல், ஆசிரியருக்குச் சுருள் தலை வைத்த மேல் மாடல் என்று ஒரு ஏணி. முதல் படியை விட்டு ஏறிப் போக வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. திருநெல்வேலியில் அந்த ஏணியின் மேல்படிகள் வந்து சேரவே இல்லை. முதலில் வாங்கியதுதான் கடைசிவரை. டீச்சரின் அப்பா இதே கருவியைத்தான் ஆயுள் முழுக்க வாசித்தார். இதை ஸ்டூடண்ட் மாடல் என்று வியாபாரி சொல்வது பட்டியல்படி சரி. ஆனால் வாசித்தவர் மாணவராகவே இருந்துவிட்டார் என்ற அர்த்தமும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அது சரியில்லை.

இனி ஐந்து தந்தி.

மாண்டலினுக்கு எட்டுத் தந்தி, நான்கு ஜோடி. வயலினைப் போலவே சுருதி. ஜோடியாக இருப்பதற்குக் காரணம் ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவது. இரண்டு தந்தி சேர்ந்தால் கொஞ்சம் கனம் கிடைக்கும். போதாததற்கு மீட்டுக்கட்டையை மேலும் கீழும் வேகமாக உரசி ஒரே ஸ்வரத்தை நடுங்க நடுங்க நீட்டுவார்கள். சினிமாவில் காதலன் தோணியில் போகும்போது வருமே, அந்த நடுக்கம். இந்தித் திரையிசையில் அதற்குப் பெரிய மரபே உண்டு. லட்சுமிகாந்த்–பியாரேலால் இரட்டையரில் லட்சுமிகாந்த் மாண்டலின் கலைஞராகத் தொடங்கியவர். இசையமைப்பாளர் சஜ்ஜாத் ஹுசைன் சாதாரண மாண்டலினிலேயே ராகத்தை விரிவாக வாசித்துக் காட்டியவர்.

ஆனால் கர்நாடக இசைக்கு அந்த நடுக்கம் உதவாது. நமக்கு வேண்டியது கமகம், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் போவது. வயலினில் மெட்டு கிடையாது, விரலை இழுத்தால் போதும். வீணையில் மெட்டு உண்டு. அதனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். அங்கே தந்தி நீளம், மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கின்றன, இழுக்க இடம் தாராளம். மாண்டலினின் தந்தி நீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். இந்தக் கருவியில் உச்சிப் பட்டையிலிருந்து 12ஆவது மெட்டுவரை 16.8 அளந்தேன், இரண்டால் பெருக்கினால் 33.6. இவ்வளவு குட்டைத் தந்தியில் ஒரு மில்லிமீட்டர் கூட இழுத்தாலும் சுருதி சட்டென்று எகிறும். ஜோடித் தந்தி என்றால் இன்னும் வம்பு. இரண்டையும் ஒரே அளவுக்கு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கல்யாணிக்குப் போகும், மற்றது சங்கராபரணத்திலேயே நிற்கும்.

இதற்கு விடை ஜோடியைப் பிரிப்பது. பிரித்தால் ஒலி மெலியும். மெலிந்ததை மின்சாரத்தால் பெருக்கலாம். ஜோடி போனதால் மிச்சமாகும் இடத்தில் கீழ் ஸ்தாயிக்கு ஒரு தந்தி கூடச் சேர்க்கலாம். உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் கையில் நாம் பார்த்த ஐந்து ஒற்றைத் தந்தி மின் மாண்டலின் இந்தத் தர்க்கத்தின் முடிவு. 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்தவர். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பான். 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1983இல் பெர்லின் ஜாஸ் விழா, 2014 செப்டம்பரில் 45 வயதில் மரணம்.

இந்தக் கதையை நம் பத்திரிகைகள் எத்தனை முறை எழுதியிருக்கின்றன! ஒவ்வொரு முறையும் பாலமேதை, பூர்வஜென்ம வாசனை, இறைவன் கொடுத்த விரல்கள். அந்த விரல்களுக்குக் கீழே இருந்த கருவி எப்படி மாறியது, எந்தத் தந்தியை ஏன் எடுத்தார்கள், பிரிட்ஜ் எப்படி இருந்தது என்பவை ஒரு வரியில் முடிந்துவிடும். சங்கீத விமர்சனம் என்ற பெயரில் நாம் எழுதுவதில் மரமும் திருகும் இருப்பதே இல்லை. ராகம் இருக்கும், பாவம் இருக்கும், கனபாடாந்தரம் இருக்கும். கருவி மட்டும் ஆகாயத்திலிருந்து இறங்கியது. வியாபாரி கருவியை மட்டும் பார்க்கிறான், விமர்சகர் கருவியைத் தவிர மற்றதைப் பார்க்கிறார். கருவியைத் திருத்திய கை இரண்டு பேர் கண்ணிலும் படுவதில்லை.

இங்கிருந்து மேற்கே சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி. 1964இல் மறைந்த அருணாசலத்தின் நாகஸ்வரத்தை இந்தப் பக்கம் இன்றைக்கும் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கலாம். அவருடைய குரு டி. என். ராஜரத்தினம் பிள்ளை குட்டையான திமிரியை விட்டு நீளமான பாரி நாகஸ்வரத்துக்கு மாறினார். அதைக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. ராஜரத்தினத்தின் தோடியைப் பற்றி ஒரு அலமாரி நிறைய எழுத்து இருக்கிறது. ஆசாரியைப் பற்றி எத்தனை பக்கம் இருக்கும்? நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதுதான் பலர் அந்த ஊர் பெயரையே கேட்டார்கள். (திருநெல்வேலியில் இசையைப் பற்றி என்ன பேசினாலும் யாராவது ஒருவர் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களில் கொண்டு போய் நிறுத்துவார். அவற்றைச் செதுக்கியவர் பெயர் என்ன என்று நான் கேட்பதுண்டு. அதோடு பேச்சு நின்றுவிடும்.)

பாளையங்கோட்டைக் கருவிக்கு வருகிறேன். எட்டுக் கீயில் ஐந்துதான் இருக்கின்றன. ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு. மூன்று துளைகள் காலி. உச்சிப் பட்டை புதிது. எலும்பைக் கையால் அறுத்து, ஐந்து வெட்டு போட்டிருக்கிறார்கள். பிரிட்ஜும் புதிது. பலா மரம், மஞ்சள் போய்ப் பழுத்த நிறம், வீணை செய்கிற மரம். அதன் தலையில் ஒரு மெல்லிய பித்தளைப் பட்டை பதித்திருக்கிறது. இதைப் பார்த்ததும் எனக்கு வீணையின் குதிரை ஞாபகம் வந்தது. அங்கேயும் தந்திகள் உலோகத் தகட்டின் மேல்தான் கிடக்கும், அந்தத் தகட்டின் நுட்பமான வளைவில்தான் ஜீவாளி பிறக்கும். இந்த மாண்டலினிலும் தந்தியை மீட்டினால் அடங்குவதற்கு முன் ஒரு சிறு ரீங்காரம் வருகிறது. பழுதால் வருவதில்லை, வரவழைத்தது. ஐந்து தந்திக்கும் ஒரே அளவில் வருகிறதே.

ஆனால் தகட்டின் ஒரு ஓரத்தில் சின்னத் துளை ஒன்று இருந்தது. காரணம் புரியவில்லை. டவுனில் ஆர்மோனியம் பழுது பார்க்கிற ஒரு அண்ணாச்சியிடம் பிரிட்ஜைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு தடவைதான் பார்த்தார்.

“இது வீணைத் தகடு இல்ல வே. ரீடுத் தகட்ட அறுத்து ராவியிருக்கான். இந்தா பாரும், நாக்க ஆணியடிச்ச ஓட்டை.”

ஆர்மோனியத்தில் காற்றுப் பட்டு அதிரும் பித்தளை நாக்கு ஒரு தகட்டில் ஆணியடித்து நிற்கும். குஜராத்தின் பாலிதானா அதற்குப் பேர்போன ஊர். உடைந்த ரீடு ஒன்றின் தகட்டை வெட்டி மாண்டலினின் பிரிட்ஜுக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் இந்தத் திருத்தத்தைச் செய்தவர் வீணை ஆசாரி இல்லை, ஆர்மோனியக்காரர். யோசித்தால் இயல்பானதுதான். தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மேடையும், கீர்த்தனை பாடும் தேவாலயங்களும், பள்ளிக்கூடங்களும் இருக்கிற இந்த வட்டாரத்தில் ஆர்மோனியத்துக்குக் குறைவில்லை. பழுது பார்ப்பவர்களுக்கும் குறைவிருந்திருக்காது. 1940இலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது, கமகம் வராத அந்நியக் கருவி என்று. அந்தக் கருவியின் உடைந்த பாகத்தை எடுத்து, கமகம் வராது என்று சொல்லப்பட்ட இன்னொரு அந்நியக் கருவிக்கு ஜீவாளி கொடுத்திருக்கிறார் பெயர் தெரியாத ஒருவர். இதைச் செய்வதற்கு அவர் வீணையைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி இன்னும் பாக்கி. எப்போது?

உச்சிப் பட்டையை மெல்லத் தட்டிக் கழற்றியபோது அடியில், உயரம் போதாமல் அண்டை கொடுத்த அச்சுக் காகிதம் இருந்தது. நான்காக மடித்தது. பிரித்தால் தமிழ். செய்தித்தாளோ நோட்டீஸோ சொல்ல முடியவில்லை, அரை வரிகள்தான். ஆனால் ‘னை’ தும்பிக்கை வைத்த பழைய எழுத்தில் இருந்தது. 1978 அக்டோபர் அரசாணையில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கையை இழந்தன. டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நான்தான் சொன்னேம்லா!”

நானும் ஒரு நிமிடம் உற்சாகப்பட்டேன், மறுக்கவில்லை. ஆனால் காகிதம் சொல்வது என்ன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டை அந்தக் காகிதம் அச்சானதற்குப் பிறகு வைக்கப்பட்டது. அவ்வளவுதான். பழைய ஈய எழுத்தை வைத்துக்கொண்டிருந்த சிறு அச்சகங்கள் அரசாணை வந்த மறுநாளே எழுத்தைத் தூக்கி எறியவில்லை. பட்டறையில் பழைய காகிதம் பத்து வருடம் கிடக்கவும் கிடக்கும். கீழ் எல்லை கிடைத்ததே தவிர மேல் எல்லை கிடைக்கவில்லை. ஸ்ரீநிவாஸுக்கு முன்பு என்பதற்கும் இடமிருக்கிறது, கேஸட்டில் அவரைக் கேட்டுவிட்டு ஓடிப் போய்த் தந்தி மாற்றினார் என்பதற்கும் இடமிருக்கிறது. முந்தைய என்ற சொல்லைச் சேர்த்தால் விலை ஏறும் என்பது எனக்குத் தெரியும். மதிப்பீட்டில் அந்தச் சொல்லைப் போடவில்லை.

சொல்லப்போனால் முதலில் செய்தவர் யார் என்ற கேள்வி எனக்கு அலுப்பூட்டுகிறது. மேற்கத்தியக் கருவி நம் இசைக்குள் வருவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னைப் பட்டினத்தில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, பிறகு எட்டயபுரம் அரசவையில் வித்வானாக இருந்தவர். அவர் பிடிலில் எதையும் அறுக்கவில்லை. அறுக்க வேண்டிய தேவையில்லை. சுருதியை மாற்றினால் போதும். பின்னால் வந்தவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து தலையைக் காலில் சாய்த்துக்கொண்டார்கள். மரம் அப்படியே இருந்தது, மனித உடம்பு வளைந்தது. அதனால்தான் இன்றைக்கும் ஒரு கர்நாடக வித்வானின் பழைய பிடில் ஐரோப்பியச் சந்தையில் பிரச்சினையில்லாமல் விலை போகும். மாண்டலினில் உடம்பு வளைந்து பயனில்லை. கருவிதான் வெட்டுப்பட வேண்டும். ஒவ்வொரு வெட்டும் சந்தைக் கணக்கில் நஷ்டம். விஷ்வமோகன் பட் கிட்டாரில் தரப் தந்திகளைச் சேர்த்தபோது மோகன வீணை என்று புதுப் பெயர் வைத்துவிட்டார். உடனே அது கண்டுபிடிப்பு ஆயிற்று, சேதம் என்று யாரும் சொல்வதில்லை. மாண்டலின்காரர்கள் பெயரை மாற்றவில்லை. அதற்கான வரியைக் கட்டுகிறார்கள்.

அமெரிக்கர்களும் தங்கள் விதியை எல்லா இடத்திலும் கடைப்பிடிப்பதில்லை. புளூகிராஸ் இசையின் தந்தை என்கிற பில் மன்றோவின் மாண்டலின், லாய்ட் லோர் கையெழுத்திட்ட கிப்ஸன் எஃப்-5, தேதி 1923 ஜூலை 9. ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தகத்தில் 150 டாலருக்கு வாங்கினார். பழுது பார்த்த விதத்தில் கோபம் வந்து தலைப்பலகையில் இருந்த நிறுவனத்தின் பெயரைச் சுரண்டி எடுத்தார். 1985இல் யாரோ வீடு புகுந்து அதை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள். சிதறல்களைப் பொறுக்கி மறுபடி ஒட்டினார்கள். அந்தச் சுரண்டலும் ஒட்டுகளும் இருக்கிற கருவி இன்று நாஷ்வில்லில் நாட்டார் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே கீறல் சரித்திரம். ஆர்மோனியக்காரர் போட்ட வெட்டு மட்டும் ரெண்டாயிரம் ரூபாய்.

இதைச் சொன்னதால் இந்தக் கருவியை நான் தலையில் தூக்கிக் கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். குறைகள் நிறைய. கழுத்தின் அகலம் 29 மில்லிமீட்டர். இரண்டு ஓரத்திலும் மும்மூன்று விட்டால் 23. ஐந்து தந்திக்கு நடுவே நான்கு இடைவெளி, ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. தடித்த விரல் பக்கத்துத் தந்தியைத் தொடாமல் கமகம் கொடுக்க முடியாது. மேல் தந்தியை வெளிப்பக்கம் இழுத்தால் விளிம்பை விட்டு விழுகிறது. ஐந்தாவது தந்தி, கீழ் ஸ்தாயிக்கானது, இந்தக் குட்டை நீளத்தில் தளர்ந்து தொளதொளவென்று ஒலிக்கிறது. தடித்த தந்தி போட்டால் மெட்டில் உரசும். 12ஆவது மெட்டுக்கு மேல் சுருதி விலகுகிறது. அது கல்கத்தாவில் மெட்டு அறுத்தபோதே வந்த பிழை, அதை எந்த ஆர்மோனியக்காரராலும் திருத்த முடியாது. உள்ளே ஒட்டிய பிக்கப்பின் ஒயர் அறுந்து கிடக்கிறது. நடு மூன்று தந்திகளில், முதல் ஏழு மெட்டுகளுக்குள் வாசித்தால் மட்டும் இது அழகான கருவி. அந்த எல்லைக்குள் மோகனம் வாசித்துப் பார்த்தேன். ரீங்காரத்தோடு, சின்ன வீணை ஒன்று பக்கத்து அறையில் ஒலிப்பது மாதிரி இருந்தது. தோடிக்குத் துணியவில்லை. மெட்டுகள் தேய்ந்திருப்பதும் அந்த ஏழுக்குள்தான். டீச்சரின் அப்பாவுக்கும் எல்லை தெரிந்திருக்கிறது.

கிளம்புகிற நேரத்தில் பெட்டியின் மூடிப் பைக்குள் கைவிட்டபோது ஒரு துணிப் பொட்டலம் சிக்கியது. உள்ளே கழற்றிய மூன்று கீக்களும் பழைய பிரிட்ஜும் இருந்தன. தேங்காய் எண்ணெய் தடவிச் சுற்றியிருந்தார் அவர். துருவே இல்லை.

வியாபாரியிடம் சொன்னால் துள்ளுவார். மூன்றையும் மாட்டி, எட்டு வெட்டு போட்ட பட்டை ஒன்றை வைத்து, பழைய பிரிட்ஜை நிறுத்தினால் கல்கத்தா மாணவர் மாண்டலின், முழு உருப்படி. அரைநாள் வேலை. விலை இரண்டு மூன்று மடங்கு ஏறலாம். டீச்சரும் கேட்டார்.

“மாட்டிரலாமா தம்பி? அப்பா பத்திரமா வச்சிருக்காகன்னா மாட்டணும்னுதான வச்சிருப்பாக?”

அப்படி இருக்கலாம். ஆனால் மாட்டாமலேயே கடைசிவரை வாசித்திருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். கல்கத்தாப் பட்டறை, ஜெர்மானிய மாதிரி, விடுதலைக்குப் பிறகு. ஐந்து தந்தித் திருத்தம், திருநெல்வேலி வட்டாரத்து ஆர்மோனிய வேலைக்காரர் செய்தது என்று கருத இடமுண்டு, ஆண்டு நிச்சயமில்லை. பிரிட்ஜையும் பட்டையையும் மாற்றக் கூடாது. அடியில் இருந்த காகிதத்தைத் தனி உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று மேலே எழுதி வைக்கவும். பட்டைக்குப் புதுக் காகிதம் அண்டை கொடுத்திருக்கிறது. தந்திகளை அரைச் சுற்றுத் தளர்த்தி வைக்கவும், சித்திரை வெயிலில் பரணில் வைக்க வேண்டாம். மூன்று கீக்களும் பழைய பிரிட்ஜும் அதே துணியில், அதே பெட்டியில் இருக்கட்டும்.

விலை என்ற இடத்தில் ரெண்டாயிரம் என்பதை அடிக்கவில்லை. சந்தையில் அது இன்றைக்கு அவ்வளவுதான் போகும். அதன் கீழே, பிக்கப் ஒயரைப் பற்றவைக்க அண்ணாச்சி நூற்றைம்பது கேட்கிறார் என்று மட்டும் எழுதினேன்.